வெசாக் விடுமுறையில் வந்த நட்சத்திரம்

வத்தேகமவில் இறங்கி, நட்சத்திரம் பார்த்த ராஜலிங்கத்தின் வீடு எது என்று கேட்டால், சாதகம் கணிக்கிறவரைத் தேடி வந்திருக்கிறீர்கள் என்று நினைத்துக் கோயிலடிப் பக்கம் கையைக் காட்டிவிடுவார்கள். ராஜலிங்கத்துக்கு இது தீராத எரிச்சல். கண்டிக்குக் கீழே ஆற்றோரம் இருந்த ஆய்வு நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவர் அவர். அதில் கடைசிப் பன்னிரண்டு வருடமும், வெடித்துச் சிதறும் நட்சத்திரங்களின் வெளிச்சத்தைப் பிரித்துப் படிப்பதுதான் வேலை. யாராவது வந்து, “ஐயா, மகளுக்குச் செவ்வாய் தோஷம் இருக்கான்னு பாருங்களேன்” என்று கேட்டால், செவ்வாயில் இரும்புத் துருதான் இருக்கிறது, தோஷம் கிடையாது என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவார். இதனால் மனைவி புஷ்பவதிக்கு அக்கம்பக்கத்தில் வராத மனஸ்தாபம் இல்லை.

அப்படி என்னதான் படித்தீர்கள் என்று யாராவது மெய்யாகவே கேட்டால் போதும், மனுஷனுக்கு முகம் மலர்ந்துவிடும். “வெடிக்கிற நட்சத்திரத்தோட வெளிச்சத்தப் பிரிச்சா வானவில் மாதிரி விரியும். அந்த விரிப்புல எந்த இடத்துல வெளிச்சம் கூடியிருக்கு, எந்த இடத்துல குறைஞ்சிருக்குன்னு பார்த்தா, உள்ள என்ன பொருள் இருந்திச்சுன்னு சொல்லிரலாம். ஐதரசன் இருந்தா ஒரு சாதி, சிலிக்கன் இருந்தா இன்னொரு சாதி” என்பார். வானத்திலேயும் சாதியா என்று புஷ்பவதி சமையலறையிலிருந்து கேட்பாள். அது அவருடைய காதில் விழாது.

தொலைநோக்கி கண்டியில் இல்லை. கண்டி மழைக்கும் மூட்டத்துக்கும் அங்கே தொலைநோக்கி வைப்பது குடைக்குள் உட்கார்ந்து வெயில் காய்கிற வேலை. அது இருந்தது தென்னமெரிக்காவில், புல்பூண்டு முளைக்காத ஒரு மலையுச்சியில். ஐந்து நாட்டுக்காரர்கள் சேர்ந்து நடத்திய திட்டம் அது. அங்கே இரவு பதினொரு மணி என்றால் இங்கே காலை எட்டரை. அங்கே இருட்டில் படம் எடுக்க எடுக்க, இங்கே நல்ல பகலில் உட்கார்ந்து அதைச் சுத்தம் பண்ணி, வரைகோடாக்கி, இன்ன வகை என்று உலகத்துக்கு அறிவிப்பது கண்டி ஆட்களின் பங்கு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முழுநிலவு நாட்களில் வானம் வெளுத்துக் கிடக்கும். மங்கலான பொருட்களைப் படம்பிடிக்கிற பெரிய கூட்டத்தார் அந்த இரவுகளை வேண்டாமென்று தள்ளிவிடுவார்கள். பிரகாசமான வெடிப்புகளைப் பிரித்துப் படிக்கிறவர்களுக்கு நிலவு அவ்வளவு தொந்தரவில்லை. ஆகவே இவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் நிலவு இரவுகள். முழுநிலவு என்றால் இலங்கையில் போயா. போயா என்றால் அரசாங்க விடுமுறை. ஊரே லீவில் இருக்கிற நாளில் ராஜலிங்கம் வேலைக்குப் போவார். பக்கத்து வீட்டார் அவருக்கு வீட்டில் ஏதோ பிரச்சினை என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள்.

அந்தப் போயா நாட்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்கு இன்றும் குரல் மாறிவிடும். வத்தேகமவில் காலை பஸ் எடுக்கும்போதே வெள்ளை உடுத்த சனங்களால் நிறைந்திருக்கும். பூத்தட்டும் ஊதுபத்தியும் பிள்ளைகளுமாகத் தலதா மாளிகைக்குப் போகிறவர்கள். ராஜலிங்கம் பக்கத்து சீற்றில் குடையை வைத்து இடம் பிடித்துக்கொண்டே வருவார். அத்தனை பேர் நிற்க, குடைக்கு ஒரு சீற்றா என்று முறைப்பார்கள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொள்வார். மடவளையில் மஸீனா ஏறியதும் குடை எழுந்து இடம் கொடுக்கும்.

மஸீனா மடவளை ஜமால்தீனின் மூத்த மகள். பௌதிகம் படித்துவிட்டு, வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில் தற்காலிக ஆய்வு உதவியாளராக வந்தவள். வயது இருபத்தாறு. நிலையத்துக்கு வந்து சேர்ந்தால் வாசல் பூட்டியிருக்கும். காவல்காரர் சாவிக் கொத்தோடு கொட்டாவி விட்டபடி வருவார். கன்டீன் கிடையாது. பேராசிரியர் சேர் பன்சலைக்குக் கும்பிடப் போய்விட்டுப் பத்து மணிக்குத்தான் எட்டிப் பார்ப்பார். மாணவர்கள் யாரும் இல்லாததால் அன்றைக்கு மட்டும் இன்டர்நெட் பாய்ந்து வரும். ஆற்றுப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு இரண்டு பேரும் இரண்டு கதிரையில் உட்கார்ந்து, மலையுச்சியிலிருந்து முதல் படம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கொம்பியூட்டர் கணக்குப் போட்டுச் சொல்வதற்கு முன்னால் கண்ணால் பார்த்து வகை சொல்வது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு. தோற்றவர் பிளேன்டீ ஊற்ற வேண்டும். முதல் வருடம் முழுக்க மஸீனா ஊற்றினாள். இரண்டாம் வருடம் பாதிக்குப் பாதி. மூன்றாம் வருடம் பெரும்பாலும் ராஜலிங்கம்தான் கேத்திலைத் தூக்கிக்கொண்டு போனார். மத்தியானம் மஸீனாவின் உம்மா கட்டிக் கொடுத்த பார்சல் பிரியும். “உங்களுக்குன்டு உம்மா கோழி ஆணம் போட்டீக்கிறா சேர், மாடு இல்ல, பயப்படாம தின்னுங்க” என்பாள். அந்த ஆணத்தின் வாசனை இன்னும் தனக்குள் இருக்கிறது என்பார் ராஜலிங்கம். அப்படி ஒரு காலம் இனி வராது என்பார். சொல்லும்போது கண் கலங்கும். பாசாங்கு இல்லை, மெய்யாகவே கலங்கும்.

அவர் வேலையில் பேர் வாங்கியது சுத்தத்துக்கு. அவருடைய அம்மா பாப்பம்மா தேயிலை பெக்டரியில் குச்சி பொறுக்கியவள். தூளில் ஒரு குச்சி தப்பிவிட்டாலும் டீமேக்கர் சத்தம் போடுவார் என்பதால், வீட்டிலே அரிசி புடைக்கும்போதும் அதே கண்தான். அந்தக் கண் மகனுக்கும் வந்துவிட்டது. ராஜலிங்கம் சுத்தம் பண்ணிய வரைகோடு என்றால் ஐந்து நாட்டிலும் மதிப்பு. வெடித்துச் சிதறுகிற பொருள் செக்கனுக்குப் பத்தாயிரம் கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். அந்த ஓட்டத்தில் அதன் கோடுகள் அகன்று மழுங்கிப்போகும். ஒல்லியாக, ஊசிபோல ஒரு கோடு வந்தால் அது வெடித்த நட்சத்திரத்தினுடையது இல்லை. பக்கத்தில் சும்மா கிடக்கிற வாயு மேகத்தினுடையது. எடுத்துவிட்டு, அந்த இடத்தை நேராக்கிவிட வேண்டும். இது அவருக்கு வேதம். வட்டு நிரம்பிவிடும் என்று சுத்தம் பண்ணியதை மட்டும் வைத்துக்கொண்டு மூலப்படத்தை அழித்துவிடுவார். மூலம் எப்படியும் அங்கே மலையுச்சியில் இருக்கிறதே.

இப்படியே நினைத்து நினைத்து உருகிக்கொண்டு அவர் காலத்தை ஓட்டியிருப்பார். இந்த வருடம், 2025 ஆனி மாதம், ஒரு ஈமெயில் வந்து எல்லாவற்றையும் குழப்பிவிட்டது.

எழுதியது அந்த ஐந்து நாடுகளில் ஒன்றைச் சேர்ந்த ஆராய்ச்சிக்காரி. 2012 வைகாசியில், வெசாக் போயா அன்று கண்டியில் வரைகோடாக்கிய ஒரு நட்சத்திரத்தைப் பற்றிக் கேட்டிருந்தாள். பெரிய நட்சத்திரங்கள் சாவதற்கு முந்திய மாதங்களில் தங்கள் மேற்பரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கின்றனவாம். வெடிப்பின் முதல் பளிச்சில் அந்த உதிர்ந்த வாயு சில மணி நேரம் ஒளிர்ந்து, ஊசி ஊசியான கோடுகளைக் காட்டுமாம். பிறகு வெடித்த பொருளே ஓடி வந்து அதைத் துடைத்துவிடும். இரண்டு நாளில் ஒன்றும் மிஞ்சாது. சாகப்போகிற நட்சத்திரம் கடைசியில் எப்படி இருந்தது என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. வெடித்து ஒரு நாளுக்குள் எடுத்த படங்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவை, உங்களுடையது அதில் ஒன்று என்று எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு இப்படி ஒரு வரி: “உங்கள் வரைகோடு நான்கு இடங்களில் மட்டும் அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல நேராக இருக்கிறது. அங்கே ஏதாவது இருந்ததா?” மலையுச்சியில் இருந்த மூலப்படம் வட்டு பழுதாகி அழிந்துவிட்டது, உங்களிடம் பிரதி உண்டா என்றும் கேட்டிருந்தாள்.

ராஜலிங்கம் அதை நான்கு தரம் வாசித்தார். பிறகு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தார்.

அங்கே ஏதாவது இருந்ததா என்று கேட்டால், இருந்தது. வெசாக் அன்று காலை, ஜன்னலுக்கு வெளியே இலவசச் சோறு போடுகிற தன்சலின் ஒலிபெருக்கி இரைந்துகொண்டிருந்த நேரத்தில் அந்தப் படம் வந்தது. வழுவழுவென்று நீல வெளிச்சம், அதன்மேல் நாலு ஊசி. ராஜலிங்கம் நாலையும் எடுத்து நேராக்கினார். மஸீனா கதிரையை நகர்த்திக்கொண்டு கிட்ட வந்தாள்.

“சேர், இது மேகத்துட வெளிச்சம் இல்ல போல இரிக்கி. மேகம்ன்டா ஒட்சிசன் கோடு வரணுமே. இதுல அது இல்லவே இல்ல. ஹீலியம் மட்டும் இவ்வளவு பலமா நிக்கிது, பாருங்க.”

“ஒல்லிக் கோடு குப்பை மஸீனா. மூணு வருசமா அதத்தானே செய்றோம்.”

அவள் அதோடு விட்டிருந்தால் கதை வேறு. அன்றைக்குப் பின்னேரம் ஐந்து நாட்டுக்காரரும் சேர்ந்து பேசுகிற அழைப்பில் எல்லாருக்கும் முன்னால் அதையே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள். பேராசிரியர் சேர் ராஜலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தார். ராஜலிங்கம், வரைகோடு சுத்தமாக இருக்கிறது, சந்தேகத்துக்கு இடமில்லை என்றார். அவருடைய பேருக்காக ஐந்து நாடும் தலையாட்டியது. இரண்டு நாள் கழித்து எடுத்த படத்தில் ஊசி ஒன்றும் இல்லை.

“பாத்தீங்களா, போயிருச்சு. குப்பைன்னு சொன்னேன்ல” என்றார் ராஜலிங்கம்.

“மேகம்ன்டா ரெண்டு நாளைல எங்க சேர் போயிரும்?”

அதற்குப் பதில் தெரியாததால்தான் அவருக்குக் கோபம் வந்தது. இன்னும் அழிக்காமல் கிடந்த அந்த முதல் மூலப்படத்தை மஸீனா அவர் கண்ணெதிரிலேயே தன் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு பையைத் தூக்கிக்கொண்டு போனாள். அன்று பஸ்ஸில் இரண்டு பேரும் வேறு வேறு சீற்றில் உட்கார்ந்தார்கள்.

ராஜலிங்கம் இந்தக் கதையை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் இதோடு நிறுத்திவிடுவார். ‘பிறகு அந்தப் புள்ளக்கி ஒப்பந்தம் புதுப்பிக்கல்ல, பாவம்’ என்று ஒரு வரி சேர்ப்பார். ஏன் புதுப்பிக்கவில்லை என்று சொன்னதில்லை. சொன்னால் தன் கையெழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். அந்த மாதக் கடைசியில் பணிப்பாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதியது அவர்தான். மஸீனா வேலையில் கவனமில்லாதவர், அனுமதி இல்லாமல் கோப்புகளை வெளியே எடுத்துச் செல்கிறார் என்று எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைத் தானே வைத்துக்கொண்டு, பிறகு அதையும் கிழித்துப் போட்டார். ஆவணி முடிவில் மஸீனா வீட்டுக்குப் போனாள். கடைசி நாள் அவளுடைய புத்தகப் பையைச் சுமந்து போய்ப் பஸ் ஏற்றிவிட்டவரும் இதே மனுஷன்தான். ஒரு பெட்டி தொதல் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். அழவும் செய்தார். மனுஷன் என்கிற பிறவியை நினைத்தால் எனக்குச் சில நேரம் வாய் அடைத்துப்போகிறது.

அவளுக்குக் கடிதத்தைப் பற்றித் தெரியுமா தெரியாதா என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயன்றதில்லை. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை ஒன்பது வருடம், தினமும் காலையும் மாலையும் அவருடைய பஸ் மடவளை வழியாகத்தான் போனது. ஒரு தடவைகூட அங்கே இறங்கியதில்லை. பஸ் அங்கே நின்றால் மறுபக்க ஜன்னலைப் பார்ப்பார்.

இப்போது இறங்க வேண்டும். உலகத்தில் அந்தப் படம் எஞ்சியிருந்தால் அது ஒரே ஓர் இடத்தில்தான். எடுத்துப் போனாள் என்று எந்தப் பிரதிக்காக அவளுடைய வேலையைப் பறித்தாரோ, அதே பிரதியைத் தரும்படி அவளிடமே போய்க் கேட்க வேண்டும். இல்லையென்றால் ‘ஒன்றும் இருக்கவில்லை’ என்று ஒரு வரி ஈமெயில் எழுதிவிட்டு, கடைசிவரை சுத்தமான ராஜலிங்கமாகவே இருக்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை. இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

“போய்க் கேளுங்களேன். அந்தப் புள்ள உங்க மேல உசுரா இருந்திச்சே. இதுக்கு ஏன் மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கீங்க?” என்றாள் புஷ்பவதி.

மூன்றாம் நாள் காலை ஏழரைக்குப் பஸ் ஏறினார். தேத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மஸீனா பிறகு ஆய்வுகூடப் பயிற்சி எடுத்து, இப்போது மடவளையில், பள்ளிவாசல் சந்திக்குப் பக்கத்தில், இரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றை நடத்துகிறாள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கீழே பரிசோதனை நிலையம், மேலே வீடு. உள்ளே நுழைந்ததும் கவுன்டரில் இருந்த பெண், “சாப்பிடாமத்தானே வந்தீங்க?” என்று கேட்டாள். ராஜலிங்கம் சாப்பிடவில்லைதான். ஆமாம் என்றார். “சீனியா?” என்று கேட்டாள். அதற்கும் ஆமாம் என்று சொல்லிவிட்டார். பேர், வயது, போன் நம்பர் எழுதிக்கொண்டு உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தார். ஐந்து நாடு கேட்கப் பேசின மனுஷன், ஒரு பெண்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க வந்து, சீனி வருத்தக்காரராக வரிசையில் காத்திருந்தார்.

அழைத்தபோது உள்ளே போனார். மஸீனா தாளில் பேரை வாசித்து, நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது.

“யா அல்லாஹ், சேர்! நீங்களா? எப்ப சீனி வந்திச்சு?”

“இல்ல தங்கச்சி, சும்மா பாத்துக்குவோமேன்னு.”

“நல்ல வேல. கைய நீட்டுங்க.” கையைக் கட்டி, நரம்பைத் தட்டி, வலிக்காமல் இரத்தம் எடுத்தாள். குழாயில் பேரை ஒட்டினாள். தாளைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள். மறுபடி தாள், மறுபடி குழாய். மூன்றாம் தரமும் பார்த்த பிறகுதான் வைத்தாள். “இதுவும் நம்மட வேலதான் சேர். வெளிச்சத்த விட்டு, எவ்வளவு குறையிதுன்டு பார்க்கிறது. நட்சத்திரத்துக்குப் பதிலா ரத்தம்.”

ராஜலிங்கம் பஞ்சைக் கையில் அழுத்தியபடி ஈமெயிலைப் பற்றிச் சொன்னார். உதிர்ந்த வாயு, முதல் பளிச், இரண்டு நாளில் மறைகிற ஊசிக் கோடுகள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மஸீனாவின் கை வேலையை விட்டுவிட்டது. “நாலாயிரத்து அறுநூத்தி எண்பத்தாறு” என்றாள். ஹீலியக் கோட்டின் அலைநீளம் அது. பதின்மூன்று வருடமாக அவளுடைய வாயில் அந்த எண் தயாராக இருந்திருக்கிறது.

“அந்தப் படம் உங்ககிட்ட இருக்கா?”

அவள் பதில் சொல்லாமல் மேலே ஓடினாள். அலுமாரி திறக்கிற சத்தமும் ஏதோ விழுகிற சத்தமும் கேட்டன. பழைய மடிக்கணினி ஒன்றையும் பென் டிரைவையும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். கவுன்டர் பெண்ணிடம் பத்து நிமிடம் யாரையும் அனுப்ப வேண்டாம் என்றாள். மடிக்கணினி மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்தது.

கறுப்புப் படம். நடுவில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. அதுதான் நட்சத்திரத்தின் விரித்த வெளிச்சம். கோட்டில் நாலு இடத்தில் பளீரென்று முடிச்சு. வாயு மேகத்தின் வெளிச்சமாக இருந்தால் முடிச்சு கோட்டைத் தாண்டி மேலும் கீழும் நீண்டிருக்க வேண்டும். ராஜலிங்கம் குனிந்து பார்த்தார். ஒன்றுகூட நீளவில்லை. நாலும் நட்சத்திரத்தின் கோட்டுக்குள்ளேயே அடங்கி நின்றன. இதை அன்றைக்கும் இதே கண்ணால்தான் பார்த்தார். பார்த்தும், பார்க்க விருப்பமில்லாமல் நேராக்கினார்.

“அப்ப என்ட கண் சரி” என்றாள் மஸீனா. கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தாள். சிரித்தாள், திரும்பவும் துடைத்தாள். “உங்களுக்குத் தெரியாது சேர். நான் பாத்தது பிழைன்டே நெனச்சிட்டன். ஒபிஸ்ல கடைசியா ஒரே ஒரு சொல்லுத்தான் சென்னாங்க, கவனமில்லன்டு. யார் சென்னாங்க, எதுக்குச் சென்னாங்கன்டு ஒண்டும் செல்லல்ல. அண்டையிலிருந்து எந்தக் குழாயையும் மூணு தரம் பார்க்காம வெச்சதில்ல. இங்க வேல செய்ற புள்ளைகள் சிரிப்பாங்க. வீட்ல அடுப்ப நூத்துட்டு மூணு தரம் போய்ப் பார்ப்பன். அவர் ஏசுவார்.”

ராஜலிங்கம் கையில் இருந்த பஞ்சைப் பார்த்தார்.

“நீங்க ஒருத்தர்தான் அண்டைக்கு என்னைய மதிச்சு, பையத் தூக்கிட்டு வந்து பஸ் ஏத்திவிட்டீங்க. நான் அத மறக்கல்ல” என்று சொல்லி, பென் டிரைவைக் கழற்றி அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். “கொண்டு போய் அனுப்புங்க சேர்.”

அவளுக்குத் தெரியாது. தெரியவே தெரியாது. வந்த காரியம் முடிந்தது, பொருள் கையில் இருக்கிறது, வெளியே வத்தேகம பஸ் ஹோர்ன் அடிக்கிறது. எழுந்து போயிருந்தால் மடவளைக்கும் வத்தேகமவுக்கும் நடுவில் இரண்டு வீட்டிலும் அவர் நல்லவராகவே இருந்திருப்பார். அவரைப் பற்றி நான் எவ்வளவோ கிண்டல் பண்ணியிருக்கிறேன். இந்த இடத்தில் பண்ண மாட்டேன். அவர் எழுந்திருக்கவில்லை.

“மஸீனா, அந்தச் சொல்ல எழுதினது நான்தான்.”

“எந்தச் சொல்ல?”

“கவனமில்லாதவர்னு. பணிப்பாளருக்குக் கடிதம் எழுதினேன். நீங்க படத்தக் கொண்டு போனதையும் எழுதினேன். நீங்க கேட்டதுக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியல்ல. அதுக்காகத்தான் எழுதினேன். வேற ஒரு காரணமும் இல்ல. பெரிய பாவம் பண்ணிட்டேன், தங்கச்சி.”

மஸீனா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முகத்தில் கோபம் வரும் என்று அவர் காத்திருந்தார். வந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வரவில்லை. நெடுநாள் தெரிந்த ஒருவரை மறுபடி முதலிலிருந்து அடையாளம் பார்க்கிற மாதிரி அவள் பார்த்தாள்.

“பென் டிரைவத் தாங்க” என்றாள்.

கொடுத்தார்.

“நானே அனுப்புறன். அவங்கட ஈமெயில எழுதித் தாங்க. கோட்ட நேராக்கினது யாருன்டு கேட்டா நான் என்ன செல்ல?”

“என் பேரச் சொல்லுங்க.”

“செல்லுவன்.”

அவர் ஈமெயில் முகவரியை எழுதினார். ஓர் எழுத்தை வெட்டித் திரும்ப எழுதினார். மஸீனா அதைத் தானே ஒருமுறை வாசித்துச் சரிபார்த்துக்கொண்டாள்.

“ரிப்போட் நாளைக்குக் காலைல ரெடியாகும்” என்றாள், கவுன்டரில் நிற்கிற யாரிடமும் சொல்கிற குரலில். “நீங்க வர வேணாம் சேர். வீட்ல யாரையாவது அனுப்புங்க.”

மறுநாள் மகள் நிஷாந்தினி போய் வாங்கி வந்தாள். சீனி இல்லை.

மார்கழியில் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. எழுதியவர்களின் பட்டியலில் இரண்டாவது பேர் மஸீனா ஜமால்தீன், மடவளை. ஆராய்ச்சிக்காரி அதன் பிரதியை ராஜலிங்கத்துக்கும் அனுப்பியிருந்தாள். அவர் ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். நாலு கோட்டிலிருந்தும், அந்த நட்சத்திரம் சாவதற்கு முந்திய கடைசி வருடத்தில் எவ்வளவு உதிர்த்தது என்று கணக்கிட்டிருந்தார்கள். அழகான வேலை. ஒன்பதாம் பக்கத்தில், அடியில், சின்ன எழுத்தில் அவருடைய பேர் இருந்தது.

“உங்க பேரும் இருக்கா?” என்று கேட்டபடி புஷ்பவதி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“இருக்கு.”

“என்னன்னு போட்டிருக்கு? தமிழ்ல சொல்லுங்க.”

அவர் ஒரு சொல்லையும் விடாமல் தமிழாக்கிச் சொன்னார். 2012இல் இந்த நான்கு கோடுகளையும் குப்பை என்று கருதி அகற்றியவர் ஆர். ராஜலிங்கம், அப்போதே அதை மறுத்து மூலப்படத்தைக் காப்பாற்றியவர் எம். ஜமால்தீன். புஷ்பவதிக்கு முகம் சுருங்கிப்போனது. இவ்வளவு காலம் உழைத்த மனுஷனை இப்படியா எழுதுவார்கள், அந்தப் புள்ளையாவது தடுத்திருக்கக் கூடாதா என்று ஆரம்பித்தாள்.

ராஜலிங்கம் அவளைக் கதிரையில் உட்காரச் சொன்னார். கடிதத்தைப் பற்றிச் சொன்னார். தேதி, வாசகம், இரண்டு பிரதி எல்லாம் சொன்னார். பரிசோதனை நிலையத்தில் நடந்ததையும், தன்னை இனி வர வேண்டாம் என்று அவள் சொன்னதையும் சொன்னார். மூன்று தரம் பார்க்கிற கதையையும் சொன்னார். புஷ்பவதி முந்தானை நுனியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“வேல போன அடுத்த வருசம் அந்தப் புள்ள கல்யாணத்துக்குக் கட்டுகஸ்தோட்டைக்குப் போனோமே” என்றாள் கடைசியில். “நம்மள மொத வரிசையில ஒக்கார வெச்சு, இவங்கதான் என்ட சேர்ன்னு மாப்பிள்ளைக்குக் காட்டிச்சே. நீங்க ரெண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டீங்களே.”